ஆங்கிலத்துக்குப் பருவத் திட்டம்: கடைசி வாரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: “முதல்முறையாக 6, 7ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கப்போகிறேன். ஒரு பருவத்துக்கு 13 வாரம், வாரத்துக்கு 40 நிமிட பீரியட் 5. புத்தகத்தில் 3 யூனிட். வகுப்புக்கு 35 பேர். சிலர் கடகடவென்று வாசிக்கிறார்கள், சிலருக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. திட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?”

புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து, மூன்று யூனிட்டையும் 13 வாரத்துக்குப் பங்கிட்டுக் கட்டம் போடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருடம் பத்தாவது வாரத்திலேயே போர்ஷனை முடித்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன். மிச்ச நாட்களில் சும்மா இருப்பானேன் என்று, ‘நேற்று மாலை என்ன செய்தீர்கள், ஐந்து வரி எழுதுங்கள்’ என்றேன். பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த கட்டுரைகளில் நேற்று மாலைக்குப் பொருந்துவது ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் பசுவைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள். போர்ஷனை நான்தான் முடித்திருந்தேன், அவர்கள் தொடங்கவே இல்லை.

ஆகவே புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில், 12ஆவது வாரத்தில் உங்கள் வகுப்பில் ஒரு சராசரிப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். என்னுடைய மூன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி, துண்டுச்சீட்டில் நான்கைந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசுவது, இதுவரை பார்த்திராத 150 சொல் பகுதி ஒன்றை வாசித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது, நடந்த ஒன்றை எட்டுப் பத்து வாக்கியத்தில் சொந்தமாக எழுதுவது. ‘இறந்தகாலத்தை அறிவார்கள்’, ‘கதையின் நயத்தை உணர்வார்கள்’ என்றெல்லாம் பாடக்குறிப்பில் எழுதுகிறோமே, அவை இந்தத் தாளுக்கு உதவாது. அறிந்தார்களா, உணர்ந்தார்களா என்று உங்களால் பார்க்க முடியாது. பேசினார்களா என்று காதால் கேட்கலாம்.

இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த இலக்கணம் வேண்டும், எந்தச் சொற்கள் வேண்டும், புத்தகத்தில் எதை ஊன்றி நடத்தலாம், எதை மேலோட்டமாகத் தாண்டலாம் என்பது அநேகமாகத் தானே தெரிந்துவிடும். நடந்ததை எழுத வேண்டுமென்றால் இறந்தகால வினைகளும் ‘பிறகு’, ‘அதனால்’, ‘ஆனால்’ போன்ற இணைப்புச் சொற்களும் வேண்டும். செயப்பாட்டுவினை இந்தப் பருவத்தில் அரைப் பீரியட் போதும்.

அடுத்தது காலண்டர். 13 வாரம், 5 பீரியட் என்றால் 65. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசி வாரம் தேர்வு, போய்விட்டது. மிச்சம் 60. விடுமுறை, விழா, விளையாட்டுப் போட்டி, இடைத்தேர்வு, தாள் திருத்திக் கொடுக்கும் நாள் என்று பத்தாவது போகும். 50. இதில் ஐந்தை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுங்கள். ஆக, திட்டம் 45 பீரியடுக்குத்தான். மொத்தம் 1,800 நிமிடம்.

இப்போது அந்த 1,800-ஐ 35 பிள்ளைகளால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 51 நிமிடம். அதாவது, பருவம் முழுக்க நீங்கள் வாயே திறக்காமல், ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால்கூட ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது. நாம் பேசுகிற நேரத்தையும் கழித்தால் பத்து நிமிடம் தேறினால் அதிகம். பேச வரவில்லையே என்று குறைப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே வகுப்பில் ஒரு பீரியடுக்கு 10 நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால், ஆளுக்கு 5 நிமிடம். 45 பீரியடில் 225 நிமிடம். சத்தம் வரும். வரட்டும். தப்பும் தவறுமாகப் பேசுவார்கள், நடுவில் தமிழுக்குத் தாவுவார்கள். 225 நிமிடத்தில் பாதி வீணாய்ப் போனாலும், 51-ஐவிட இரண்டு மடங்கு.

முதல் வாரம் பாடம் நடத்தாதீர்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு படத்தைப் போர்டில் ஒட்டி, அதைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, ஒரு பீரியடுக்கு ஏழு பேராக மேசைக்குக் கூப்பிட்டு, கீழ்வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் இரண்டே கேள்வி. ஐந்து நாளில் 35 பேரும் முடிந்துவிடும். மூன்று குழு தெரியும். எழுத்துக்கூட்ட வராதவர்கள் ஒரு குழு, வாசித்துப் புரிந்துகொள்பவர்கள் இன்னொரு குழு. இவர்கள் இருவரையும் நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தப்பும் குழு நடுவில் இருப்பது: ஏற்ற இறக்கத்தோடு மணிமணியாக வாசிப்பார்கள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். ‘கடகடவென்று வாசிக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்களில் எத்தனை பேர் இந்த நடுக்குழு என்று பாருங்கள். என் வகுப்புகளில் பெரிய குழு பெரும்பாலும் இதுதான். அந்த வாரம் எழுதி வாங்கிய தாள்களைத் திருத்தாமல் பத்திரமாக வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எழுத்துக்கூட்ட வராதவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் ‘க’ ஒரே எழுத்து. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒலி வேறு. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லில் அது இருக்கும் இடமே முடிவு செய்கிறது. அதனால் நமக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டில்தான் பொருளே மாறுகிறது. பன்றி என்ற சொல், பெரிய என்ற சொல், பொறுக்கு என்ற சொல் மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ‘பிக்’. ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்து வாசிக்கும் பழக்கம் இருக்கிறதல்லவா, அதைத் திட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள். இந்த மூன்று ‘பிக்’கையும் போர்டில் எழுதிக் காட்டுங்கள். சிரித்துவிட்டு அவர்களே விட்டுவிடுவார்கள், எல்லாரும் இல்லாவிட்டாலும் பலர்.

இவர்களுக்குத் தனி வகுப்பு வைக்க நேரம் கிடைக்காது. ஒவ்வொரு பீரியடின் முதல் 7 நிமிடத்தை ஒலிக்கு ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. அத்தனையையும் வரிசையாக எடுக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு ஒலிக்கூட்டு (‘எஸ்-எச்’ போலச் சேர்ந்து ஒரே ஒலி தரும் எழுத்துகள்), அதில் ஆறு சொல், அந்தச் சொற்கள் வரும் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். நன்றாக வாசிப்பவர்களுக்கு இது அலுக்குமே என்று தயங்குவீர்கள். அவர்களுக்கும் ஸ்பெல்லிங் இடிக்கத்தான் செய்கிறது. ஓ-யூ-ஜி-எச் என்று முடியும் சொல் ஒன்றில் ‘தோ’ என்கிறது, ஒன்றில் ‘த்ரூ’ என்கிறது, ஒன்றில் ‘டஃப்’ என்கிறது. இப்படிப்பட்ட போக்கிரிகளை மட்டும் அப்படியே கண்ணால் பார்த்து மனதில் வைக்க வேண்டும். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936-இல் சிறுவர் புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியல் போட்டார், பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு. அந்த 220-ஐத் தயங்காமல் வாசிக்கவைத்தாலே பின்தங்கிய பிள்ளைக்குப் பக்கம் பாதி திறந்துவிடும்.

சொல் என்றதும் இன்னொன்று. யூனிட்டின் கடைசியில் கொடுத்திருக்கும் ‘கடினச் சொற்கள்’ பட்டியலை நம்பிச் சொல் திட்டம் போடாதீர்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் அந்தக் கதையோடு போகிறவை. ‘பாழடைந்த கோட்டை’க்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும், ‘இனஃப்’ என்றால் என்ன, ‘ஆல்தோ’ என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது. 1953-இல் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் தொகுத்த பொதுச்சொல் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். பழைய பட்டியல்தான், ஆனாலும் எதற்கு முன்னுரிமை என்று காட்டும். வாரத்துக்கு எட்டுச் சொல் போதும் என்பது என் கணக்கு. எட்டுதானா என்று தலைமை ஆசிரியர் கேட்பார். 20 கொடுத்து மூன்று தங்குவதைவிட, எட்டுக் கொடுத்து ஆறு தங்கட்டும்.

தங்க வேண்டுமென்றால் திரும்ப வர வேண்டும். படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது என்பதை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவிட்டார். நூற்றாண்டு தாண்டியும் நம் பாடத்திட்டங்கள் மறதிக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்குவதில்லை. முதல் யூனிட் ஜூனில் முடிந்தால் அது தேர்வுக்கு முந்தின இரவு வரை திரும்பி வராது. ஆகவே, வாரத்தின் ஐந்தாவது பீரியடில் புதிது எதுவும் கிடையாது. சென்ற வாரத்திலிருந்து கொஞ்சம், மூன்று வாரம் முன்பிருந்து கொஞ்சம், தொடக்க வாரங்களிலிருந்து ஒன்றிரண்டு. ஸ்லிப் டெஸ்ட்டாக வைக்கலாம், விளையாட்டாக வைக்கலாம்; நினைவிலிருந்து எடுக்கவைப்பதுதான் முக்கியம், நோட்டைப் பார்த்துத் திரும்ப எழுதவைப்பதில் பயனில்லை. என் திட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த ஐந்தாவது பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நான்கு நாளுக்கும் ஒரு சந்தம் வேண்டும். திங்கள் என்றால் கேட்பதும் பேசுவதும், செவ்வாய் வாசிப்பு, புதன் மொழிக்கூறு, அதாவது இலக்கணம், வியாழன் எழுத்து. நாளுக்கு ஒரு முகம் இருந்தால் பிள்ளைகளுக்கும் என்ன வரும் என்று தெரியும், உங்களுக்கும் தயாரிப்பு பாதியாகக் குறையும். இடையில் ஒரு நாள் விடுமுறை வந்துவிட்டால் வாரத்தை நகர்த்தாதீர்கள், அந்த நாளைக் கைவிட்டு மேலே போங்கள். எது போனாலும் வெள்ளி போகக்கூடாது.

திங்கள்கிழமைக்கு என்ன செய்வது என்று பலர் தடுமாறுவார்கள். ‘உரையாடு’ என்றால் யாரும் உரையாட மாட்டார்கள், சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் மொழிக்கல்வி அறிஞர் என். எஸ். பிரபு நடத்திய பரிசோதனை இதற்கு நல்ல வழிகாட்டி. இலக்கணத்தை நேரடியாக எடுக்காமல், தீர்க்க வேண்டிய சிறு வேலைகளைக் கொடுத்து, அதைத் தீர்க்கும் போக்கிலேயே மொழி வரும் என்றார். ஒரு கால அட்டவணை, ஒரு வரைபடம், சில நிபந்தனைகள்: ‘இவர் பத்து மணிக்குள் அங்கே போக வேண்டும், நடுவில் ஓரிடத்தில் அரை மணி நேரம் வேலை இருக்கிறது, எந்த வண்டியில் ஏற வேண்டும்?’ முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் சேர்ந்து ஒரு கணக்கைத் தீர்ப்பார், பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகத் தீர்ப்பார்கள். மூளை விடையில் இருக்கும்போது வாய் கூச்சத்தை மறக்கிறது. பிரபு குழுவாகப் பேசவிடுவதை அவ்வளவாக விரும்பவில்லை, பிள்ளைகள் ஒருவர் பிழையை ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்ற கவலை. அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் 51 நிமிடக் கணக்கு என்னை அந்தப் பக்கம் போகவிடவில்லை. முதல் வேலையை அவர் சொன்னபடி முழு வகுப்போடு செய்துவிட்டு, இரண்டாவதை இருவர் இருவராகக் கொடுக்கிறேன்.

கேள்வி கேட்டால் மூன்று வினாடி காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தது அறிவியல் வகுப்புகளை, அதுவும் தாய்மொழியில். இரண்டாம் மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு இன்னும் கூடத்தான் வேண்டும்.

வாசிப்பு நாளில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து பத்தி பத்தியாக வாசிப்பதும், நீங்கள் வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வதும் சேர்ந்தால் 40 நிமிடம் ஓடிவிடும், யாருக்கும் எதுவும் மிஞ்சாது. கதையை நீங்களே முதலில் ஐந்து நிமிடம் எளிய ஆங்கிலத்தில், கை காட்டி, முகம் காட்டிச் சொல்லிவிடுங்கள். பிறகு மௌனமாக வாசித்து ஒரு கேள்விக்கு விடை தேடட்டும். அதே பகுதி, மூன்று குழுவுக்கும் மூன்று விதமான கேள்வி: முதல் குழுவுக்கு ஆம், இல்லை என்று குறிப்பது, நடுக்குழுவுக்கு வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, மூன்றாவது குழுவுக்கு ‘ஏன்’. கேள்வியை மாற்றுவது பத்து நிமிட வேலை. மூன்று பாடம் தயாரிக்க யாருக்கும் நேரம் இல்லை. யூனிட்டில் வரும் கவிதைக்கு ஒரு பீரியட். வாய்விட்டுச் சொல்லட்டும், தாளம் போடட்டும். மையக்கருத்து எழுதவைத்துக் கவிதையைக் கொல்ல வேண்டாம்.

புதன்கிழமைக்குத் தமிழையே துணைக்கு அழையுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். இந்த ஒன்றை இரண்டாவது வாரத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பல குழப்பம் தீரும். நாம் ‘மேசைமேல்’ என்று பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். நாம் ‘போனாயா’ என்று ஒரு ‘ஆ’ சேர்த்துக் கேள்வியாக்குகிறோம்; அவர்கள் ‘டிட்’ என்று ஒன்றை முன்னால் கொண்டுவந்து, வினையின் காலத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். ‘டிட் யூ வென்ட்’ என்று பிள்ளை சொல்வது காலத்தை இரண்டு இடத்தில் காட்டுவதால் வரும் பிழை. ‘இறந்தகாலம் ஏற்கெனவே டிட்டிடம் போய்விட்டது, வினைக்கு ஏன் மறுபடியும்?’ என்று கேட்டால் புரிகிறது. ‘எ’, ‘த’ என்ற ஆர்ட்டிகிள்களுக்கு நம்மிடம் சரியான இணை இல்லை. ‘ஒரு’வும் ‘அந்த’வும் பாதி தூரம் கொண்டுவிடும், மீதி வாசித்து வாசித்துத்தான் வரும்.

‘ஹீ கோஸ்’ என்பதில் வரும் அந்த ‘எஸ்’ இருக்கிறதே, விதியைக் கேட்டால் வகுப்பே ஒப்பிக்கும், பேச்சில் விட்டுவிடும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களிடம் அது காலம் தாழ்ந்து வரும் கூறுகளில் ஒன்று என்று 1970-களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. சொல்லிக்கொடுங்கள், எழுத்தில் திருத்துங்கள், ஆனால் அதற்காக மூன்று வாரம் செலவிட்டு மனம் உடையாதீர்கள்.

எழுத்து நாளில் தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னால் மறுபடி பசுதான் வரும். முதலில் பேச்சு: பக்கத்துப் பிள்ளையிடம் நடந்ததைச் சொல்லட்டும். பிறகு வகுப்பே சேர்ந்து ஒருவருடைய கதையைப் போர்டில் எழுதுங்கள். வாக்கியம் அவர்களுடையது, சாக்பீஸ் உங்களுடையது. அதை அழித்துவிட்டு ஒவ்வொருவரும் தன் கதையை எழுத வேண்டும். அழிப்பது முக்கியம், இல்லாவிட்டால் 35 நோட்டிலும் ஒரே கதை இருக்கும்.

திருத்துவதற்கும் கணக்குப் போடுங்கள். ஒரு நோட்டுக்கு 5 நிமிடம் என்றால் 35 நோட்டுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், அதுவும் ஒரே வகுப்புக்கு. இரண்டு வகுப்பை வாராவாரம் யாராலும் ஒழுங்காகத் திருத்த முடியாது. நான் வாரத்துக்கு 12 நோட்டை மட்டும் கவனமாகப் பார்ப்பேன், மூன்று வாரத்தில் சுற்று முடியும். அந்த வாரம் எடுத்த மொழிக்கூறு ஒன்றில் வரும் பிழையை மட்டும் அடிக்கோடிடுவேன், திருத்தி எழுதமாட்டேன். அது பிள்ளையின் வேலை. பக்கம் முழுக்கச் சிவப்பு மை பார்த்த பிள்ளை அடுத்த முறை குறைவாக எழுதுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. பெற்றோர் யாராவது ‘இந்தப் பிழையை விட்டுவிட்டீர்களே’ என்று நோட்டோடு வருவார்கள். முதல் கூட்டத்திலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் புத்தகத்தோடு பொருத்துவது இப்போது எளிது. முதல் வாரம் நிலை அறிதல். 2 முதல் 4 வரை முதல் யூனிட். 5ஆவது வாரத்தின் முதல் இரண்டு நாள் ஒன்றும் எழுதாதீர்கள், தேங்கியதைத் தீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். 8ஆவது வார முடிவுக்குள் இரண்டாவது யூனிட். 9ஆவது வாரத்தில் மறுபடி இரண்டு நாள் காலி. அதன் பிறகு 11ஆவது வாரம் முடிய மூன்றாவது யூனிட். அதைச் சுருக்கமாகத்தான் எடுக்க முடியும், இப்போதே முடிவு செய்து அதில் எந்தப் பயிற்சிகளை விடுவது என்று குறித்து வையுங்கள். கடைசியில் அவசரத்தில் விடுவதற்கும் முதலிலேயே தெரிந்து விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காலியாக விட்ட ஐந்தில் மிச்சமிருக்கும் ஒன்று 12ஆவது வாரத்துக்கு. அதிகாரிகள் கேட்கும் படிவத்தில் யூனிட், பக்க எண், கற்றல் விளைவு என்று அவர்கள் கேட்டபடியே நிரப்பிக் கொடுங்கள்; உங்கள் ஒற்றைத்தாள் திட்டம் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கட்டும். பக்கத்தில் 35 பெயர், மூன்று வேலை, மூன்று பத்தி; யாருக்கு எது வந்துவிட்டது என்று ஒரு டிக் போட.

12ஆவது வாரத்தில் மூன்று வேலையும் நடக்கும். ஒரு நிமிடப் பேச்சை இரண்டு பீரியடில் முடிக்கலாம். புதிய பகுதி வாசிப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. மீதியிருக்கும் ஐந்தாவது பீரியடில், முதல் வாரம் திருத்தாமல் வைத்த அந்தத் தாள்களை எடுத்து அவரவரிடம் கொடுங்கள். பச்சை பேனா ஒன்று கொடுத்து, தங்கள் தாளைத் தாங்களே திருத்தச் சொல்லுங்கள். ‘இதையா நான் எழுதினேன்?’ என்ற சத்தம் கிளம்பும். முடித்ததும் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிழைகளில் பச்சை மை படவில்லை என்று பாருங்கள்; அடுத்த பருவத்தின் புதன்கிழமைகளுக்கான பட்டியல் அதுதான்.